இன்னும் ரெண்டு பேர் வரலாம்

புதூர்நாட்டு ஜீப் ஓட்டுநர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்க, சனிக்கிழமைதோறும் அடிவாரத்திலிருந்து மலையேறி வருபவள் ரெபேக்கா. சுற்றுலா வருகிறவர்களிடம் அவர்கள் மரியாதையாகப் பேச வேண்டுமாம். அன்று பணிவாகக் கேட்கவும் சொல்லவும் உதவும் 'மே', 'குட்', 'ஷுட்' மூன்றையும் நடத்தினாள். யாராவது 'மே ஐ' என்று கேட்டால் சிரித்த முகமாக 'ஷ்யூர்' சொல்ல வேண்டும் என்று தொண்டை வறளப் பழக்கினாள்.

வகுப்பு முடிந்ததும் மாணவன் லட்சுமணனின் ஜீப்பிலேயே ஊருக்குத் திரும்ப ஏறி உட்கார்ந்தாள். இந்த மலையில் ஜீப் நிரம்பாமல் நகராது. இடத்துக்காக யாரும் யாரையும் கேட்பதில்லை, இடித்துக்கொண்டு ஏறுவார்கள். அவளும் வாய்விட்டுத் திட்டுவாள். கணக்கு நேராகிவிடும்.

லட்சுமணன் ஒரு பலாப்பழத்தைச் சுமந்து வந்தான்.

"மேடம், மே ஐ கீப் திஸ் ஆன் யுவர் லேப்?"

"ஷ்யூர்." வாய் முந்திக்கொண்டது. பழம் மடியில் இறங்கிக் குத்தியது.

"இன்னாப்பா கேட்ட?" என்றாள் பின்சீட்டு மங்கம்மாள்.

"மடியில வைக்கலாமான்னு கேட்டேன். வச்சிக்கன்னுட்டாங்க."

"அப்டியே என் புளிமூட்டைக்கும் ஒண்ணு கேளு."

கேட்டான். "ஷ்யூர்" என்றாள்.

வெயில் ஏறியது. ரெபேக்கா பல்லைக் கடித்தாள். "குட் யூ ப்ளீஸ் ஸ்டார்ட் தி ஜீப்?"

"வீ ஷுட் வெயிட், மேடம். டூ மோர் பீப்பிள் மே கம்."

ஒரு பிழைகூட இல்லை. ரெபேக்கா காலை ஒடுக்கி, வரப்போகும் இருவருக்கும் இடம் விட்டாள்.