காதுவரை எழாத கை

சபூரா தொழுகைக்குத் தக்பீர் கட்டும்போது இடக்கை காதுவரை போகும். வலக்கை நெஞ்சுக்கு நேரே வந்து நின்றுவிடும். அதைப் பார்க்காமலிருக்க மகள் றஸீனா என்னென்னவோ செய்து பார்த்தாள். பள்ளியில் பாங்கு சொன்னதும் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள். தையல் மெஷினைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். பார்க்காவிட்டாலும் அந்தக் கை நடுவழியில் நிற்பது அவளுக்குத் தெரிந்துகொண்டேயிருந்தது.

ஐந்து மாதத்துக்கு முன் கிணற்றடியில் சறுக்கி விழுந்ததில் உம்மாவின் வலத் தோள் நொறுங்கிப்போனது. இனிப் பொருத்த வழியில்லை என்று மட்டக்களப்பில் செயற்கை மூட்டு வைத்தார்கள். ஆறு கிழமை கையைக் கட்டித் தொங்கவிட வேண்டும், அதன்பிறகு கிழமைக்கு ஒருமுறை பயிற்சிக்கு வர வேண்டும் என்று, பிசியோதெரபி செய்யும் கஜானி சொல்லியனுப்பினாள். மூன்றாம் கிழமையில் வாப்பா அசனார் மௌத்தானார். உம்மா வெள்ளை உடுத்து, கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா இருக்கத் தொடங்கினாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடுதான்.

கைக்கட்டை அவிழ்த்த அன்று உம்மாவே பேச்சை எடுத்தாள்.

“மருந்துக்குப் போகலாமா எண்டு மௌலவிட்ட ஒருக்காக் கேளு புள்ள.”

ஓட்டமாவடியிலிருந்து பஸ்ஸில் போய்வர ஒரு பகல் போய்விடும். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பதினேழு அபாயா வெட்டியபடி கிடந்தன. கணவன் ஜிப்ரி கட்டாரில். இத்தாவில் இருப்பவளை பஸ் ஏற்றிக்கொண்டு போனால் ஊர் வாய் சும்மா இருக்குமா என்ற பயமும் இருந்தது. பின்னாளில் யோசிக்க யோசிக்க, அந்தப் பயம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அலுப்பு என்றே அவளுக்குப் பட்டது. மௌலவியின் வீட்டுப் பக்கம் அவள் தலைவைக்கவேயில்லை.

“கேட்டன் உம்மா. கூடாதாம்.”

உம்மா தலையை ஆட்டினாள்.

கஜானி போன் எடுத்து விசாரித்தபோது, வீட்டிலேயே செய்கிறோம் என்று றஸீனா சொன்னாள். நாலைந்து நாள் செய்யவும் செய்தாள். கையைத் தூக்கிப் பிடித்துப் பத்துவரை எண்ண வேண்டும். ஆறு வரும்போது உம்மாவின் முகம் சுருங்கும். றஸீனா அங்கிருந்து பத்துக்குத் தாவிவிடுவாள். வலி குறையட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறேன் என நினைத்துக்கொண்டாள். பிறகு தையல் வேலை கூடியது. எண்ணுவதும் நின்றுபோனது.

இத்தா முடிந்த மறுகிழமை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கோணம் அளக்கும் பிளாஸ்டிக் அளவுகோலைத் தோளில் வைத்து ஒருமுறை பார்த்த கஜானி, நம்பாதவள்போல் இன்னொருமுறை வைத்துப் பார்த்தாள். மூட்டில் ஒரு பிழையுமில்லை, அசைக்காமல் விட்டதில் சுற்றியுள்ள தசைதான் இறுகிவிட்டது என்றாள். இனிப் பாடுபட்டாலும் முழுதாக வருமென்று சொல்ல முடியாது. காத்தான்குடியிலிருந்து ஒரு பெண் இத்தாவிலேயே கிழமை தவறாமல் வந்துபோனதையும் சொன்னாள். மருத்துவத்துக்குப் போகலாம் என்று அவர்களுடைய மௌலவியே சொன்னாராம்.

“நீங்களும் ஒருக்காக் கேட்டிருக்கலாமே அக்கா?”

றஸீனா வாய் திறப்பதற்குள் உம்மா முந்திக்கொண்டு கஜானியிடம் சொன்னாள்.

“அவ கேக்காம இருப்பாளா மகள்? எங்கட மௌலவிதான் கூடாதெண்டுட்டாரு.”

கஜானி சுவரில் விரல்களை நடத்தி ஏற்றும் பயிற்சியைக் காட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

பஸ்ஸில் ஏறாவூர் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று றஸீனா இருந்தாள். ஏறாவூர் போனது. கிரான் போனது. உம்மா வலக்கையை மடியில் வைத்து, அயர்ந்த பிள்ளையைத் தடவுவதுபோல் இடக்கையால் தடவிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்து, மாலை அஸர் தொழுது முடித்தும் உம்மா பாயை விட்டு எழும்பவில்லை.

“பஸ்ஸில வரக்குள்ள மௌலவியில எனக்குப் பெரிய கசப்பு வந்துட்டு புள்ள. மனசுக்குள்ள ஏசியும் போட்டன். நாளைக்கு அவரிட்டப் போய் மன்னிக்கச் சொல்லிப் பொருத்தம் கேக்கணும்.”

றஸீனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் ஒரு ஓட்டோ வந்து, நின்று, திரும்பிப் போனது.

“அவரிட்டப் போக வேணாம் உம்மா. நான் அவரிட்டக் கேக்கவே இல்ல.”

உம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல்களில் எண்ணி ஓதிக்கொண்டிருந்த திக்ரை முடித்தாள். இடக்கையால் பாயைச் சுருட்ட முயன்றாள். றஸீனா ஓடிவந்து குனிந்தாள். உம்மா பாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கோணலாகச் சுருண்ட பாயை மூலையில் சாத்திவிட்டு சுவரடிக்குப் போய் நின்றாள். வலக்கை விரல்களைச் சுவரில் வைத்து ஒவ்வொன்றாக மேலே நடத்தினாள். நெஞ்சு உயரத்தில் கை நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரற்கடை ஏற்றினாள்.

“எண்ணு,” என்றாள்.

றஸீனா எண்ணினாள். ஆறு வரும்போது உம்மாவின் நெற்றி வேர்த்துவிட்டது. பழகிப்போன வாய் பத்து என்றது.

உம்மா கையை எடுக்கவில்லை.

“ஏழு எங்க?”

றஸீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏழு,” என்றாள்.