வாஷிங் மெஷின் ராணி படியிறங்குகிறாள்

முதலில் சிரித்துத் தொலைத்தவர் டியூபாக்காரர்தான். ஆள் ஆறடிக்கு மேல். அந்த ராட்சதப் பித்தளைக் குழலை அவர் ஊதினால் துறைமுகத்தில் கப்பல் கிளம்புவது போலிருக்கும் என்பதால், ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்குப் பெயரே கப்பல். ராணியின் வருகைக்கான நீண்ட கீழ்ச்சுரத்தைப் பிடிக்க வாயை வைத்தார். 'புர்ர்' என்று வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்திலிருந்த டிராம்போன்காரர்கள் தோள் குலுங்கக் குனிந்துகொண்டார்கள்.

படத்துக்கு இசையமைத்து, வாத்தியக்காரர்களை நடத்திக்கொண்டிருந்த அவள், மேடையில் நின்றபடியே கோலை இறக்கினாள். "என்ன சார் ஆச்சு?"

"மன்னிச்சிடுங்க மேடம்." கப்பல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தம்மா படியில மாட்டிக்கிட்டாங்க. பார்த்துட்டேன்."

அந்தம்மா என்று அவர் சொன்னது ஒரு வாஷிங் மெஷினை. படம் அப்படி. முதல் பாகத்தில், வேற்றுக்கிரகத்திலிருந்து வழிதவறி வந்த வாஷிங் மெஷின் ஒன்று சலவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அந்தக் குடும்பத்தில் ஒருவனாகவே ஆகிவிடும். இரண்டாம் பாகத்தில், காணாமல் போன மகனைத் தேடி அதன் அம்மா வருகிறாள். சும்மா இல்லை, அந்தக் கிரகத்துக்கே ராணி. விண்கலங்கள் புடைசூழக் கால்பந்து மைதானத்தில் வந்திறங்கி, கதவு திறந்ததும் பார்க்கிறாள்: எதிரே படிக்கட்டு. ராணிக்குக் கால் கிடையாது. படிக்குப் படி தொம்மென்று விழுந்துதான் இறங்க வேண்டும்.

படத்தின் இயக்குநர் அவளுடைய உடன்பிறந்த தம்பி. முதல் பாகத்துக்கு அவள் தன் படுக்கையறையில், ஜன்னலைப் போர்வையால் அடைத்துவிட்டு, ஒற்றைக் கீபோர்டில் இசையமைத்தாள். படம் ஓடு ஓடென்று ஓடியது. இப்போது முழு ஆர்கெஸ்ட்ரா கிடைத்திருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் சேர்ந்தால் எப்படி ஒலிக்கும் என்று மாதக்கணக்காக மனதுக்குள் கேட்டுவிட்டாள். அவர்கள் வாசிப்பதுதான் பாக்கி.

இரண்டாம் தடவை டிராம்போன்காரர்கள் கெடுத்தார்கள். வயலின்காரர்களுக்குத் தாளிலிருந்து தலைதூக்க நேரமில்லை; பித்தளை வாத்தியக்காரர்களுக்கு நடுநடுவே நீண்ட ஓய்வு உண்டு. ஓய்வில் கண் சும்மா இருக்குமா? பக்கவாட்டுச் சுவரில் இருந்த திரைக்குப் போய்விடுகிறது. சிரிக்கிற வாயால் எப்படி ஊதுவது?

"திரையை அணைச்சிடுங்க," என்றாள். "எனக்கு இந்தச் சின்னத் திரை போதும். எல்லாரும் கேட்டுக்கங்க. ஒரு ராணி, பல வருஷமாத் தேடுன பிள்ளையப் பார்க்க வர்றாங்க. உங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். வேற எதுவும் தெரியாது."

மூன்றாம் தடவை கூடமே அதிர்ந்தது. டியூபா தரைக்கடியிலிருந்து எழுந்து வந்தது. ஒவ்வொரு படிக்கும் முரசு விழ, வயலின்கள் ராணியைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்தன. கோலை இறக்கியபோது அவளுக்கே புல்லரித்திருந்தது.

கட்டுப்பாட்டு அறைக்குள் போனபோது தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"பிரமாதம்க்கா. ஆனா சிரிப்பு எங்க?"

"படத்துல இருக்கு."

"படிக்குப் படி ஒரு 'டொய்ங்' போட்டா? சின்னதா. நான் எடுத்தே வெச்சிருக்கேன்." பையிலிருந்து பென் டிரைவை எடுத்தான்.

"அந்தம்மா மரியாதையாப் படியிறங்குறாங்க. நீ என்னடான்னா பின்னாடி நின்னு பார்க்குறவங்களுக்குக் கிச்சுகிச்சு மூட்டுறேங்குற."

"அக்கா, யாரும் சிரிக்கலன்னா?"

"போன தடவை இப்படி ஒரு வார்த்தை கேக்கலையே நீ?"

"போன தடவை நம்மள யாரும் எதிர்பார்க்கல. இப்ப வாயப் பொளந்துட்டு உக்கார்ந்திருக்காங்க. பயமா இருக்குக்கா."

அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. சின்ன வயதில் மேடையேறும் முன் இதே முகத்தோடுதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஆனால் பாவம் பார்த்து 'டொய்ங்' போட முடியுமா?

"சரி, ரெண்டையும் போட்டுப் பார்ப்போம். வயலின்காரங்க யாரும் இன்னும் காட்சியப் பார்க்கல. அவங்க சிரிக்கிற பக்கம் நானும் வர்றேன்."

ஒலிப்பதிவாளர் தம்பியின் ஓசைகளை இசைமேல் அடுக்கினார். திரையை மறுபடி போட்டார்கள். முதல் 'டொய்ங்'குக்குக் கூடம் சிரித்தது. தம்பி அக்காவைப் பார்த்தான். இரண்டாவதுக்குச் சிரிப்பு பாதியானது. நாலாவது படியில் ஒருவர் வில்லுக்குப் பிசின் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்து, வெறும் இசையோடு. முதல் படி. யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது. அப்படியேதான். தம்பி நகத்தைக் கடித்தான். மூன்றாவது படியில், அவ்வளவு பெரிய முழக்கத்துக்கு நடுவே ராணி சற்றே சாய்ந்து, சுதாரித்து, கௌரவமாக நிமிர்ந்தாள். வயோலா வரிசையில் ஒரு பெண் மூக்கால் 'க்ஹும்' என்றாள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. கடைசிப் படி வருவதற்குள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி சத்தமில்லாமல் பென் டிரைவைப் பைக்குள் போட்டான்.

ஆனால் அவள் வெற்றியைக் கொண்டாடவில்லை. அவள் கண் திரையில் இருந்தது. ராணி மகனிடம் வந்துவிட்டாள். ராணியின் வயிற்றுக்குள் துணி சுழலும் உருளை மெல்ல, லொடக் லொடக்கென்று, தொட்டில் போல இப்படியும் அப்படியும் ஆடியது. அதற்குமேல் தனி வயலின் ஒன்று உருகியது. மொத்தப் படத்திலும் அவள் எழுதியதில் ஆக அழகானது அந்த மெட்டுதான். கூடத்தில் பலர் கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பதை அவள் கவனித்தாள். அந்த லொடக் லொடக்கைக் கேட்கத்தான் நீட்டினார்கள். வயலின் மறைத்துக்கொண்டிருந்தது.

"வயலின் வேணாம்," என்றாள்.

தம்பி பதறிவிட்டான். "அய்யோ, அது நல்லா இருக்கேக்கா!"

"நல்லாத்தான்டா இருக்கு. அதான் தொல்லை. அந்தம்மா பேசுற நேரத்துல நான் குறுக்க பேசிட்டிருக்கேன்."

முதல் வயலின் வாசிக்கும் பெண்மணியிடம் அவளே போய்ச் சொன்னாள். அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கியது. "வேற எங்கயாச்சும் வருமா மேடம்?"

"தெரியலம்மா. வராமலும் போகலாம். நீங்க வாசிச்சதுல ஒரு குறையும் இல்ல."

அந்த அம்மா பேனாவை எடுத்து, தாளில் அந்த வரிகளின் குறுக்கே தானே கோடு போட்டார்.

மறுபடி வாசித்தார்கள். ராணி கடைசிப் படியைத் தொட்டதும் அவள் கையை உயர்த்தினாள். அத்தனை வில்களும் ஒன்றாக நின்றன. காதுக்கருவியில் உருளை ஆடும் ஓசை மட்டும் வந்தது. மகன் தன் உருளையை அதே தாளத்தில் அசைத்துப் பதில் சொன்னான். காட்சி முடிந்த பிறகும் அவள் கையை இறக்கவில்லை; யாரும் அசையவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி மூக்கை உறிஞ்சினான். பேசும் மைக் திறந்தே இருந்ததால் அது கூடம் முழுக்கக் கேட்டது. கப்பல் வெடித்துச் சிரித்தார்.

"டைரக்டர் சார், மைக்க மூடிட்டு அழுங்க," என்றாள் அவள். தாளைப் புரட்டினாள். "அடுத்தது துரத்தல் காட்சி. ஹார்ன்காரங்க, இது வேகமா வரும், தயாரா இருங்க."