மணமில்லாத விரிப்புகள்

நிலாவெளி ஹோட்டலின் துணி அறையில் அதன் பொறுப்பாளர் சிவகுருநாதன் ஒரு பெட்ஷீட்டை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார். "முனீப், இது தோய்ச்சதோ? குளோரின் மணமே இல்லையே. இன்னொருக்கா இப்பிடி வந்தால் நான் வேற ஆளைத்தான் பார்க்க வேணும்."

நான் ஓட்டோவை எங்கள் ஊர் கிண்ணியாவுக்குத் திருப்பினேன். நானும் என் மனைவி ஸல்ஹாவும் வீட்டு முற்றத்தில் நடத்தும் சலவைக்கு அந்த ஒரு ஹோட்டலை விட்டால் வேறு கதி இல்லை. பத்து வருசம் குளோரினில்தான் தோய்த்தோம். ஸல்ஹாவின் விரல்கள் வெடித்தன. தோய்த்த தண்ணீர் ஓடும் வழியில் நட்ட வாழை ஒன்றுகூடத் தழைக்கவில்லை, அந்தத் தண்ணீர் போய்ச் சேருவதோ ஊரே மீன் பிடிக்கும் களப்பில். கழிவுத் தண்ணீரைச் சுத்தமாக்கத் தொட்டி கட்டலாமா என்று அவளுடைய தங்கை நிப்லாவிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிப்பவள். "தண்ணியை நஞ்சாக்கிப்போட்டுப் பிறகு ஏன் மச்சான் கழுவணும்? நஞ்சையே போடாம விடுங்க" என்று சிரித்தாள். அவள் சொன்ன ஒட்சிசன் தூள் சுடுதண்ணீரில் கறையை வெளுத்துவிட்டு, வெறும் சோடாவும் தண்ணீருமாகிப் போய்விடும். அதற்கு மாறிய மூன்று மாதத்தில் ஸல்ஹாவின் கை ஆறிவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோசம்.

ஆனால் பயம் யாரை விட்டது? அடுத்த தடவை போகும்போது பாலத்துக்கு இப்பால் ஓட்டோவை நிறுத்தி, கட்டிவைத்த மூட்டையில் கொஞ்சம் குளோரின் தெளித்தேன், மணத்துக்காக. என் மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது. ஹோட்டல் வாசலில் பிரித்துப் பார்த்தால், பெட்ஷீட்டின் நீல ஓரம் முழுக்க வெள்ளைப் புள்ளி. அப்படியே வீட்டுக்குத் திரும்பினேன்.

ஸல்ஹா திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம். "ஊத்தை எண்டால் எடுப்பன். போன நிறத்தை எப்பிடிங்க எடுக்கிற?" என்றாள். அபாயாவைப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

சிவகுருநாதனுக்கு முன்னால் புள்ளி விழுந்த பெட்ஷீட்டைத்தான் முதலில் விரித்தாள். "இது மணத்துக்காக இவர் செஞ்ச வேலை, ஐயா." பிறகு தலையணை உறை ஒன்றை நீட்டினாள். "இது நான் தோய்ச்சது. ஊத்தை மணந்தால் சொல்லுங்க, நாங்க போறம்."

நான் வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அறையில் பத்து வருசமாகக் குளோரின் நெடியில் சிவந்த கண்ணைக் கசக்கிக்கொண்டே துணி எண்ணியவர் அவர். உறையை ஒரு தடவை முகர்ந்தார். பிறகு கண்ணை மூடி, முகத்தையே அதில் புதைத்தார். வெளியே கடல் இரைந்தது. ஸல்ஹா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அவர் இன்னும் முகத்தை எடுக்கவில்லை.