இணைந்திருப்பவர்: ஒருவர்

எங்கள் செயலிக்கு ஒரு நட்சத்திரம் மட்டும் கொடுப்பவர்களின் வீட்டுக்குப் போய், அவர்கள் இரண்டாவது நட்சத்திரம் தரும்வரை அங்கேயே குடியிருப்பது என் வேலை. வீட்டு வைஃபையின் பெயர், பாஸ்வேர்டு, அதில் எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ள உதவும் செயலி அது. பெரும்பாலான வீடுகளில் இரண்டு நாள் போதும். திருப்பூரில் ஒருவர் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இதே வேலையாகப் போடிக்குப் போன எங்கள் அலுவலக நாகலட்சுமி மட்டும் நான்கு வருடமாகத் திரும்பவில்லை. போன தை மாதம் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையில், அழைப்பவர்கள் வரிசையில் அவள் பெயரும் இருந்தது.

ஆவணியில் என்னை விருத்தாசலத்துக்கு அனுப்பினார்கள். புகார் கொடுத்தவர் இன்னாசிமுத்து, ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: “ஒருவர் இணைந்துள்ளார் என்று காட்டுகிறது. தினமும் பார்க்கிறேன். தினமும் ஒருவர்தான். சரி செய்யவும்.”

கதவைத் திறந்தவர் எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாரியிருந்தார்; என் பையை வாங்கிக்கொண்டார்.

“ஆப் கம்பெனிதானே? வாங்க தம்பி. உங்களுக்கும் சேத்துதான் உலை வெச்சிருக்கேன்.”

சாப்பிட்டுவிட்டு ரூட்டரைப் பார்த்தேன். செயலியைப் பார்த்தேன். அந்த வீட்டில் இருந்தது அவருடைய கைப்பேசி ஒன்றுதான்.

“ஐயா, இது சரியாத்தான் காட்டுது.”

“சரியாத்தான் காட்டுது. அதனாலதான் ஒண்ணு போட்டேன்.”

என் கைப்பேசியை அவருடைய வைஃபையில் இணைத்தேன். இரண்டு பேர் என்று வந்தது. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு கொல்லைப்புறம் போய் அங்கிருந்து பார்த்தார். நான் குளித்துவிட்டு வந்ததும், “நீங்க குளிக்கும்போதும் ரெண்டுதான் காட்டுச்சு” என்றார்.

தினமும் காலையில் அலுவலகத்துக்கு ‘நிலவரம்: ஒரு நட்சத்திரம்’ என்று அனுப்புவேன். மேலாளர் ஹேமாவதி மேடம் ‘சரி’ என்று பதில் போடுவார். இன்னாசிமுத்து கருவாட்டுக் குழம்பு வைப்பார், நான் பாத்திரம் கழுவுவேன். இருபத்தொன்பது வருடம் அவர் ஒரே கேட்டில் இருந்தாராம். ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் கை காட்டுவார்களாம்.

“நான் திருப்பிக் காட்றதுக்குள்ள வண்டி போயிரும்” என்றார்.

சென்னையில் என் அறையிலும் அதே செயலிதான். ஆறு வருடமாக அதுவும் ஒருவர் என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு கோளாறு என்று நான் நினைத்ததில்லை. ஐந்தாம் நாள் மதியம், உரிய படிவத்தை நிரப்பி அதையும் கோளாறாகப் பதிவு செய்தேன்.

ஒன்பதாம் நாள் அவர் கைப்பேசியைக் கையில் எடுத்தார்.

“நட்சத்திரத்தை மாத்திப் போட்டுர்றேன் தம்பி. உங்க வீட்ல தேடுவாங்க.”

“அவசரமில்லைங்கய்யா.”

“எத்தனை நாள்தான் இப்படி வெச்சுக்கிறது?”

“பாஸ்வேர்டு மாத்துற பக்கம் கொஞ்சம் மெதுவாத் திறக்குது, கவனிச்சீங்களா?”

“அதெல்லாம் நல்லாத்தான் திறக்குது.”

“எழுத்து சின்னதா இருக்குன்னு நிறையப் பேர் சொல்றாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெங்காயம் உரிக்கப் போனார். அன்றைக்கு ஒன்றும் மாற்றவில்லை. மறுநாளும் மாற்றவில்லை.

பதினோராம் நாள் காலை நான் கொடியில் சட்டையை உலர்த்திக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி ஒலித்தது. ஐந்து நட்சத்திரம். கூடவே எழுதியிருந்தார்: “பதினோரு நாள் இரண்டு பேர் காட்டியது. நல்ல செயலி. வந்த பையன் கருவாடு விரும்பிச் சாப்பிடுவான்.”

உள்ளே போனேன். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“கேட்டை ரொம்ப நேரம் மூடி வைக்கக் கூடாது தம்பி. அந்தப் பக்கம் ஜனங்க நிப்பாங்க.”

“அந்தப் பக்கம் யாரும் இல்லைங்கய்யா.”

எங்கள் விதிப்படி, நட்சத்திரம் மாறிய பின் அந்த வீட்டில் அடுத்த வேளை சாப்பிடக் கூடாது. ஈரச் சட்டையை மடித்துப் பையில் வைத்தேன். அவர் வாசலில் நின்று கை காட்டினார். தெரு நீளமானது. நானும் நடந்துகொண்டே திரும்பித் திரும்பிக் கை காட்டினேன். முனையில் பெட்டிக்கடை அருகே அவருடைய வைஃபை விட்டுப்போனது.

பேருந்தில் கூட்டம் இருந்தது. ஆனாலும் இருவர் அமரும் இருக்கை ஒன்று முழுதாகக் கிடைத்தது. நடத்துநர் என்னையும் பக்கத்தையும் பார்த்து, “சென்னை ரெண்டா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டு சீட்டு கிழித்துக் கொடுத்தார். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டேன்.

உளுந்தூர்பேட்டையில் ஏறிய ஒருவர் உட்காரக் குனிந்து, சட்டென்று நிமிர்ந்தார்.

“மன்னிச்சுக்கங்க, ஆள் இருக்கிறதைப் பாக்கலை.”

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார்.

விக்கிரவாண்டி தாண்டியதும் என் தோளில் ஒரு தலை சாய்ந்தது. எண்ணெய் வைத்து வாரிய தலை. தாம்பரம் வரை நான் அசையவில்லை.