பெட்டிக்குப் பின்னால் ஓர் இடம்

வெர்லின் செவ்வாய்க்கிழமை இறந்தான். மறுநாள் காலை, ஊரில் எல்லாச் சாவுக்கும் சவப்பெட்டி கொடுக்கும் டெட்மர் என் முன்னால் ஒரு படிவத்தை வைத்து, "நீங்க அவருக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

முப்பத்தோரு வருடம் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுத்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? டெட்மருக்கும் தெரியும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதற்கு நாங்கள் மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

"நண்பன்" என்றேன்.

"அப்போ அவரோட தங்கச்சிதான் கையெழுத்துப் போடணும்," என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டே.

எங்கள் அயோவா மாநிலத்தில் எங்களைப் போன்றவர்களும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. அன்றைக்கே வெர்லினின் விதைக்கடையில் வைத்து, செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். சிரித்தான். "லைசென்ஸ் வாங்கினா வியாழக்கிழமை பேப்பர்ல பேர் போட்டுடுவாண்டா லோவல். எங்கிட்ட விதை வாங்கறவன்ல பாதிப்பேர் அடுத்த வாரமே வேற கடைக்குப் போயிடுவான்." எங்கள் மாவட்டப் பத்திரிகையில் அப்படி ஒரு வழக்கம், யார் யார் கல்யாண லைசென்ஸ் வாங்கினார்கள் என்று வாராவாரம் அச்சாகும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. அவனை மட்டும் கோழை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

டெட்மர் படிவம் நீட்டிய அன்று மாலை வெர்லினின் தங்கை ஆர்டிஸ் போன் செய்தாள். "லோவல், பெட்டி தூக்க ஆறு பேர் வேணும். நீங்க ஒருத்தரா இருக்கீங்களா... இல்ல, வேற ஏதாவது..." என்று இழுத்தாள்.

எங்கள் பக்கம் பெட்டியை நண்பர்கள் தூக்குவார்கள். குடும்பம் பின்னால் நடந்து வரும். தூக்குகிறவன் குடும்பத்தில் சேர்த்தி இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அவன் பெட்டிக்குப் பின்னால் நான் நடக்க வேண்டும். ஆனால் இந்த ஊரில் வளர்ந்தவனுக்கு வேண்டியதைக் கேட்கத் தெரியாது. காப்பியைக்கூட மூன்று முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்போம்.

"அதுக்கென்ன, தூக்கறேன்," என்றேன்.

இங்கே ஒருத்திக்குப் புருஷன் செத்தால், வாசலில் கறியும் உருளைக்கிழங்குமாகப் பாத்திரங்கள் வந்து குவியும். என் வாசலுக்கு மூன்று நாளும் ஒன்றும் வரவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. நண்பன் செத்தவனுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வழக்கம் இல்லை, அவ்வளவுதான். ரொட்டியைத் தின்றுவிட்டுக் கட்டிலில் நான் எப்போதும் படுக்கும் பக்கத்திலேயே படுத்தேன். அவன் பக்கம் கையை நீட்டத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை சர்ச்சில், குடும்பத்தார் உள்ளறையில் ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். பெட்டி தூக்குவதற்கு அடையாளமாகக் கோட்டில் வெள்ளைப் பூ குத்திய ஐந்து பேரோடு ஆறாவது ஆளாக நான் வெளியே பெட்டியருகே நின்றேன். ஆர்டிஸ் கதவைத் திறந்துகொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"உண்மையச் சொல்லுங்க லோவல். இதுதான் உங்களுக்கு வேணுமா?"

"நீதானே கேட்டே?"

"மாட்டேன்னு சொல்லுவீங்க, அப்போ எங்ககூட நடந்து வாங்கன்னு கூப்பிடலாம்னு இருந்தேன். நேரடியாக் கூப்பிட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமோன்னுதான்..."

ஒருவரை ஒருவர் சங்கடப்படுத்தாமல் இருந்தே நாசமாய்ப் போனோம்.

"பதினஞ்சு வருஷமா ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்தப் பேப்பர்ல உங்க ரெண்டு பேர் பேரையும் தேடினேன்," என்றாள். "ஏன் பண்ணிக்கல?"

"பயம். உன்கிட்டயும்தான்."

"கேட்டுத் தொலைச்சிருக்கலாமே! நானும் கேக்கல, பாவி."

டெட்மர் தொண்டையைச் செருமினார். நான் கைப்பிடியைப் பிடிக்கக் குனிந்தேன். ஆர்டிஸ் என்னைத் தோளால் இடித்து நகர்த்தினாள்.

"தள்ளுங்க. பொம்பள தூக்கினா பெட்டி கோவிச்சுக்குமா?"

"எழுபது வயசு உனக்கு. முழங்கால் என்னத்துக்கு ஆகும்?"

"நாளைக்கு வலிச்சுக்கட்டும்." என் கோட்டிலிருந்த பூவைப் பிடுங்கித் தன் உடையில் குத்திக்கொண்டாள்.

பெட்டிக்குப் பின்னால் முதல் இடம் கணவனுக்கோ மனைவிக்கோ உரியது. டெட்மர் என் முழங்கையைத் தொட்டு அங்கே நிறுத்தினார். வழக்கமாக அந்த இடத்தில் நிற்பவரை மகனோ மகளோ கையைப் பிடித்து அழைத்துப் போவார்கள். எனக்கு அப்படி யாரும் இல்லை. கதவு திறந்தது. சர்ச் முழுவதும் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தது. பெட்டி நகர்ந்தது, நான் அதன் பின்னால் நடந்தேன். அழுகையை நான் அடக்கவில்லை. ஊர் பார்க்க நானும் வெர்லினும் சேர்ந்து நடந்தது அதுதான் முதல் தடவை.