துவைத்துக் கொடுத்த சீருடை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் இஸ்திரி போட்ட விரிப்பில் ஒரு சுருக்கத்தைக் காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று மேற்பார்வையாளரே சவால் விட்டிருக்கிறார். அவருக்கு மீசை கிடையாது என்பது வேறு விஷயம். அப்பேர்ப்பட்ட கைதான் பெற்ற மகளின் வேலைக்கு வேட்டு வைத்தது.

மகளை வீட்டில் சின்னவள் என்பார்கள். பதினாறு வயது. வாயில் கொழுக்கட்டையா என்று கேட்கும்படி இருந்தவள், சனி ஞாயிறுகளில் கேக் கடைக்கு வேலைக்குப் போன ஒரு வருஷத்தில் ஆளே மாறிப்போனாள். கேக்கின் மேல் கிரீமால் பெயர் எழுதுவது அவள் வேலை. எழுத்து குண்டு குண்டாக, பார்த்தால் கிள்ளத் தோன்றும். "அந்தப் பொண்ணையே எழுதச் சொல்லுங்க" என்று கேட்டு வாங்க ஆட்கள் வந்தார்கள். அதை வீட்டில் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பரீட்சைக்காக இரண்டு வாரம் லீவு கேட்டாள். முதலாளி சிரித்த முகத்தோடு, "நல்லா படிம்மா. நான் சொல்லி அனுப்புறேன்" என்றார்.

வேண்டாம் என்று நேரே சொல்ல நாக்கு வராதவர்கள் கண்டுபிடித்த வார்த்தை அது. பெரியவர்களுக்குப் புரியும். சின்னவளுக்குப் புரியவில்லை. சொல்லி அனுப்புவார் என்றே நம்பினாள். பரீட்சை முடிந்தது. வாராவாரம் யாருக்கு எந்த நேரம் வேலை என்று போனில் வரும் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த வாரம் அந்தக் குழுவிலிருந்தே அவளை எடுத்துவிட்டார்கள். அப்போதும் இலவு காத்த கிளியாகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மடிப்பக்காவுக்குப் பொறுக்கவில்லை. கொடியில் தொங்கிய கடைச் சீருடையை எடுத்தாள்.

"அடுத்தவங்க துணி நம்ம வீட்டுல எதுக்கு? கொண்டு போய்க் கொடுத்துடு."

"கூப்பிட்டா போட்டுக்க வேணாமாம்மா?"

"கூப்பிட்டா அவங்களே கொடுப்பாங்க. பளிச்சுனு துவைச்சுத் தரேன். இவ்வளவு ஒழுங்கான பொண்ணையா விட்டோம்னு அவருக்கே மனசு உறுத்தட்டும்."

அன்று அந்தச் சீருடைக்கு நடந்த உபசாரம் எந்தப் பெரிய டாக்டரின் கோட்டுக்கும் நடந்திருக்காது. கிரீம் கறையைத் தனியாக ஊறவைத்து எடுத்தாள். காலருக்குக் கஞ்சி போட்டாள். மடித்துப் புதுப் பையில் வைத்துக் கொடுத்தாள். கடையில் கேஷியர் பையை வாங்கிக்கொண்டு ஒரு தாளை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து போடும்மா" என்றார். துணியைக் கொடுத்ததற்கு ரசீது என்று நினைத்துச் சின்னவள் போட்டுவிட்டு வந்தாள். முதலாளியின் மனசு உறுத்தியதாகத் தெரியவில்லை.

பள்ளிக்கூட டீச்சர் சொல்லித்தான் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். விசாரணைக்கு வரச் சொன்ன நாளில் மடிப்பக்கா பாதி நாள் லீவு போட்டுவிட்டு மகளோடு போனாள். அதிகாரி ஒரு அம்மாள். கண்டிப்பான முகம், கனிவான குரல்.

"பதினாறு வயசோ, பகுதி நேரமோ, வேலைன்னா வேலைதான். வருஷம் முழுக்க வாராவாரம் போயிருக்கா. பரீட்சைக்கு லீவு கேட்டான்னு நிறுத்த முடியாது."

மடிப்பக்காவின் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"ஆனா அவங்க நிறுத்தவே இல்லைங்கறாங்களே. இவளே நின்னுட்டான்னு தாள் அனுப்பியிருக்காங்க."

சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுவதால் சீருடையை ஒப்படைக்கிறேன் என்று அச்சடித்திருந்தது. கீழே சின்னவளின் குண்டு எழுத்து.

சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள். மடிப்பக்கா சொந்தச் சோப்பும் போட்டு வைத்திருக்கிறாள். அவள் கை தானாக முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"நான்தாம்மா கொடுக்கச் சொன்னேன். அவ மாட்டேன்னுதான் சொன்னா."

"அப்படின்னா அதையே இவ எழுதித் தரட்டும். வேலையை விடுற எண்ணம் இல்லை, அம்மா சொல்லித்தான் கொடுத்தேன், தாளைப் படிக்கலைன்னு. வழி இருக்கு."

சின்னவள் பேனாவை எடுக்கவில்லை. மடிப்பக்கா அவள் தோளைத் தட்டினாள். "எழுதுடி. எங்கம்மாவுக்கு விவரம் தெரியாதுன்னு எழுது. இருக்கிறதைத்தானே எழுதுற!"

சின்னவள் எழுதினாள். நாலு வரி. மூன்றாவது வரி, 'என் அம்மாவுக்கு விவரம் தெரியாது.' எழுதச் சொன்னவள் மடிப்பக்காதான். ஆனாலும் அதை மகளின் எழுத்தில் பார்த்தபோது நெஞ்சில் சுருக்கென்றது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. சின்னவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"மேடம், இதை முதலாளி படிப்பாரா?"

"அவருக்கு ஒரு பிரதி போகும். அடுத்த விசாரணையில எல்லார் முன்னாடியும் படிப்பாங்க."

சின்னவள் தாளை நாலாகக் கிழித்தாள்.

"என்னடி பண்ற?" மடிப்பக்கா பதறிப்போனாள்.

"அங்க எல்லாரும் உன்னைப் பத்திப் படிக்க வேணாம்மா. நானே நின்னுட்டேன்னே இருக்கட்டும்."

"உனக்கு அந்த வேலை உயிராச்சேடி!"

சின்னவளின் வாய் பழையபடி மூடிக்கொண்டது. அந்த மௌனத்தைக் கண்டுதான் மடிப்பக்கா பயந்தாள். அழுகையும் ஆத்திரமுமாக மேஜைமேல் குனிந்தாள்.

"இன்னொரு தாள் கொடுங்கம்மா. நான் எழுதித் தரேன். தப்பு என்னுதுதான்னு கையெழுத்து போடுறேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"வேலை பார்த்தவங்கதாம்மா எழுதணும். நீங்க எழுதினா செல்லாது."

அவள் துவைத்துக் கொடுத்தது மட்டும் செல்லுமாம்.