கோவளத்துத் தண்ணீர்

1

காலையில் எழுகிறேன். பல் தேய்க்கிறேன். பாலை அடுப்பில் வைக்கிறேன். அது பொங்குவதற்குள் தொட்டியின் மூடியைத் தூக்கி வெப்பமானியைப் பார்க்கிறேன். விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பை ஈரத்துணியால் துடைக்கிறேன். கண்ணாடி துடைக்கும் காந்தத்தை நகர்த்தி, ஒட்டிய பாசியை எடுக்கிறேன். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். ஆர்ஓ தண்ணீரைச் சொம்பில் மொண்டு, கோடு வரும்வரை ஊற்றுகிறேன். உறைந்த இறாலில் ஒரு துண்டைக் கரைத்துப் போடுகிறேன். இரண்டு மீன்களும் மேலே வருகின்றன. இதற்குள் பால் பொங்கிவிடுகிறது. அடுப்பைத் துடைக்கிறேன்.

இந்தக் கதைக்கு நான் எழுதிய ஐந்தாவது தொடக்கம் இது. முதல் நான்கிலும் யூனிஸ் சமையலறையில் நின்று என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். நான்கும் பொய். ஐந்தாவதில் பால் மட்டும் பொங்குகிறது. அதனால் இதை வைத்துக்கொண்டேன்.

கதை எப்படி வந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னோடு கல்லூரியில் படித்த ஸஹானா பொத்தேரியில் இருந்துகொண்டு ஒரு சிறுபத்திரிகை நடத்துகிறாள். உன் வீட்டுக்குள் இருக்கும் கடலைப் பற்றி எழுதேன் என்றாள். எனக்குக் கதை எழுத வராது என்றேன். எழுதிவிட்டு அதைச் சொல் என்றாள். இது ஊருக்குச் சொல்லும் காரணம். உண்மையான காரணம், என் வீட்டு வாசலில் நின்ற இரண்டு நீலநிறத் தண்ணீர் கேன்கள்.

2

பாத்திரங்களை அறிமுகப்படுத்த வேண்டும். சுருக்கமாகச் செய்கிறேன்.

நான் ஜெர்சன். யூனிஸ் என் மனைவி. சேலையூரில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. சிட்லபாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, முதல் மாடியில் குடியிருந்தோம். [குடியிருக்கிறேன்.] திருமணமான முதல் வருடம் அவள் அந்தக் கடல்நீர்த் தொட்டியை வாங்கினாள். எனக்கு அதில் கனமானவற்றைத் தூக்கும் வேலை மட்டும். உப்புப்பொடி கலப்பது, அளப்பது, விளக்கு நேரம் எல்லாம் அவள் பொறுப்பு. ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் இரண்டு. ஒரு பாறை. பாறை முழுக்கப் பச்சையாக, சட்டைப் பொத்தான் அளவில் விரிந்து மூடும் பவளம். கடைக்காரர்கள் அதற்கு ஒரு நீளமான பெயர் சொல்வார்கள். யூனிஸ் பொத்தான் என்பாள். பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் குனிந்து பார்த்து, "பொத்தானெல்லாம் தொறந்திருக்கா?" என்று கேட்பாள். என்னிடம் அல்ல. பொத்தான்களிடம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை தலை வலிக்கிறது என்றாள். மூளையில் ரத்தக்கசிவு. மறுநாள் இறந்துவிட்டாள்.

(இந்தப் பத்தியை நீட்டச் சொல்லி ஸஹானா ஓரத்தில் குறித்திருந்தாள். நீட்டிப் பார்த்தேன். "யூனிஸ் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு" என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தது. அவள் கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள். யார் கையையும் பிடிக்கவில்லை. வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.)

3

அடக்கம் அவளுடைய ஊரில், பாளையங்கோட்டையில் நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே போனோம். எதிர்வீட்டுச் செல்வமேரி அக்காவிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் இருக்கும். அவ்வளவுதான். தொட்டியைப் பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் ஒரு தொட்டி இருப்பதே என் நினைவில் இல்லை. இரண்டு வாரம் கழித்துத் தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கியபோதுதான் ஞாபகம் வந்தது. ஆட்டோவில் வரும்போது, நாற்றமடிக்கும் தொட்டியை எப்படிக் காலி செய்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த யோசனை ஒருவிதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. செய்வதற்கு ஏதோ ஒன்று.

கதவைத் திறந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கோட்டில் நின்றது. மீன்கள் இரண்டும் கண்ணாடிக்கு வந்தன.

செல்வமேரி அக்கா பின்னாலேயே காபியோடு வந்தார். ஃப்ரீசரில், "மீனுக்கு. மனுஷனுக்கு இல்ல" என்று யூனிஸ் எழுதி ஒட்டிய டப்பாவைப் பார்த்து, அதிலிருந்து தினமும் போட்டதாகச் சொன்னார். அவர் கணவர் வில்பிரட் அண்ணன் கைலியை இறுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"பயந்துட்டோம்பா. தெனம் ஒரு வெரக்கட தண்ணி எறங்குது. இவ கொழாத் தண்ணிய ஊத்துன்றா. நான் வுடல. கடல் மீனுக்குக் கொழாத் தண்ணி ஊத்துனா இன்னாத்துக்கு ஆவும்?"

"அதுக்கு?"

"கோவளம் போய்ப் புடிச்சாந்தோம்."

அக்கா பேசினார்.

"பால் வாங்கினு வாங்கன்னா தெருமுனைக்குப் போவ மாட்டாரு இவரு, ஜெர்சன். மீனுக்குன்னா கோவளம் போறாரு. ஒருவாட்டியா, மூணுவாட்டி. கூட ராஜகோபாலன் சார் வேற."

ராஜகோபாலன் சார் இரண்டாவது மாடி. வங்கியில் வேலை. கறை படும் என்று வீட்டுக்குள் பேனாவைக்கூடத் திறக்காத மனிதர். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக, மே மாத வெயிலில், வில்பிரட் அண்ணனின் ஸ்கூட்டரில் மடியில் ஒரு கேனோடு அவர் போய்வந்திருக்கிறார். சாயங்காலம் என்னைப் பார்க்க வந்தவர், இறந்தவளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் சொன்னார்.

"மொத தடவ ஒரே மண்ணு சார். அப்புறம் நான் முட்டி வரைக்கும் எறங்கி எடுத்தேன். என் வேஷ்டிய நாலா மடிச்சு வடிகட்டினோம். தோச்ச வேஷ்டிதான், கவலப்படாதீங்கோ."

4

வில்பிரட் அண்ணனை ஸஹானா நம்பவில்லை. "இவ்வளவு நல்லவரா? ஏதாவது காரணம் கொடு" என்று எழுதியிருந்தாள்.

கொடுத்துப் பார்த்தேன். ஒரு பிரதியில் அவருக்கு இறந்துபோன மகள் ஒருத்தி வந்தாள். இன்னொன்றில் அவர் பழைய மீனவர். [அவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். கடலைப் பார்த்தால் கால் நனைக்கவும் யோசிப்பார்.] எதுவும் ஒட்டவில்லை. உண்மையில் எனக்கு அவர்மேல் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. ஸ்கூட்டரைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்துவார். ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகும் அவசரத்தில் நாங்கள் அதைத் தள்ளி வைக்க வேண்டும். தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தை வைத்து அவருக்கும் யூனிஸுக்கும் ஓயாத சண்டை. அவர் இவளை டீச்சரம்மா என்று கிண்டல் செய்வார். இவள் அவரை என்னிடம் மட்டும் பொதுப்பணித்துறை என்பாள்.

ஏன் போனீர்கள் என்று நான் அவரிடமே கேட்டேன்.

"இன்னா பண்றதுன்னு தெரிலப்பா. சும்மா ஒக்கார முடில."

ஸஹானா, இதுதான் காரணம். இதற்கு மேல் என்னிடம் இல்லை.

5

இனி அவர்கள் செய்த தவறு. இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

வந்த அன்றே கவனித்தேன். பொத்தான்கள் எல்லாம் மூடியிருந்தன. பாறை முழுக்கப் பழுப்பாக, சுருங்கி, ஒன்றுகூடத் திறக்கவில்லை. உப்பைப் பார்க்க யூனிஸ் ஒரு கருவி வைத்திருந்தாள். சிறிய தொலைநோக்கி போல இருக்கும். ஒரு துளி விட்டு வெளிச்சத்தில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து காட்ட வேண்டும். நாற்பத்திரண்டு காட்டியது.

கடல்நீர்த் தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே நின்றுவிடும். ஆகவே தண்ணீர் இறங்கினால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கடல்நீரை ஊற்றினால், ஒவ்வொரு முறையும் உப்பு கூடிக்கொண்டே போகும். யூனிஸ் எட்டாம் வகுப்புக்கு நடத்தும் பாடம் இது. செல்வமேரி அக்கா சொன்னதுதான் கிட்டத்தட்டச் சரி. மூன்று முறை கோவளம் போய், முட்டிவரை இறங்கி, வேட்டியை நாலாக மடித்து வடிகட்டி, அவர்கள் பொத்தான்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

(இந்த இடத்தில் ஒரு உவமை தானாக வந்து வாசலில் நிற்கிறது. தண்ணீர் போய்விடும், உப்பு நின்றுவிடும், என்றெல்லாம். உள்ளே கூப்பிடவில்லை.)

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். முதல் பிரதியில் வந்தது. "தொட்டி முழுக்க இனி கோவளம்தான் என்று நினைத்தபோது" என்று ஒரு கசப்பான வாக்கியம் ஆரம்பித்து, அதை முடிக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பாளையங்கோட்டையில் இரண்டு வாரம் வந்துபோனவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். எதுவும் உள்ளே இறங்கவில்லை. தோய்த்த வேட்டி என்ற வார்த்தை இறங்கியது. அன்றுதான் முதல்முறையாக அழுதேன். நன்றி என்று எழுதினேன். மிகையாக இருந்தது, அடித்தேன். பிறகு வேறு சொல் கிடைக்காமல் மறுபடி எழுதினேன். அது இருக்கட்டும்.

6

செய்ய வேண்டியது எளிது. தினமும் கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீரை ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் மீன்கள் போய்விடும். நாற்பத்தொன்று, நாற்பது என்று இறங்கிவந்தது. பொத்தான்கள் மூடியே இருந்தன. தொட்டியில் அவள் கையால் ஒட்டவைத்தவை அவை மட்டும்தான். மீன்கள் கடையில் வாங்கியவை. பொத்தான்களை ஒரு சின்னத் துண்டிலிருந்து நாலு வருடமாக அவள் பாறை முழுக்கப் பரப்பியிருந்தாள்.

சிக்கல் வெளியே இருந்தது. வில்பிரட் அண்ணன் நிறுத்துவதாக இல்லை. சனிக்கிழமை லீவு, கோவளம் போறோம், நீ ஒண்ணும் யோசிக்காத என்று படியில் பார்த்தபோது சொன்னார். அவரிடம் என்ன சொல்வது? அண்ணா, உங்களால் என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் என்னால் எழுத முடியவில்லை.

(இடையில் ஒன்று. எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அவள் கடைசியாக என்ன சொன்னாள்? ஆலயத்தில் ஒரு பெரியவர், கர்த்தருடைய நாமத்தைச் சொல்லியிருப்பாள் தம்பி என்று அவரே பதிலும் சொன்னார். ஸஹானாவும் கேட்டாள், கதைக்காக. பிரதிகளில் அவளுக்கு மூன்று கடைசி வாக்கியங்கள் எழுதினேன். மூன்றும் அழகாக இருந்தன. யூனிஸ் அப்படியெல்லாம் பேசமாட்டாள். அவள் உண்மையில் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அது கடைசி வார்த்தை போலவே இல்லை.)

7

சனிக்கிழமை காலை மணி அடித்தது. கதவைத் திறந்தால் வில்பிரட் அண்ணன். இரண்டு கையிலும் காலி கேன், நீலநிறம். அவற்றை வாசலில் வைத்துவிட்டு, மூடி ஒன்று குறைகிறது, உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். கீழே ஸ்கூட்டர் கேட்டுக்குக் குறுக்கே நின்றது. அதன் பின்சீட்டில் ராஜகோபாலன் சார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். தோளில் மடித்த வேட்டி.

இங்கே முடிவுகள் பிரிகின்றன.

முதல் முடிவில் நான் எல்லாவற்றையும் விளக்குகிறேன், கருவியைக் காட்டுகிறேன். அவர் முகத்தை வர்ணிக்க வேண்டிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

அடுத்ததில் ஒன்றும் சொல்வதில்லை. அவர்கள் வாரா வாரம் கடல்நீர் கொண்டுவருகிறார்கள், நான் வாரா வாரம் அதைக் குளியலறையில் கொட்டுகிறேன். வருடங்கள் போகின்றன, மூவருக்கும் நரைக்கிறது. ஸஹானாவுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த வெயிலில் வண்டலூர் ரோட்டில் நான் போயிருக்கிறேன்.

இன்னொன்றில் தொட்டியையே அவரிடம் கொடுத்துவிடுகிறேன். [செல்வமேரி அக்கா இதைப் படித்தால் என்னை விடமாட்டார்.]

நடந்தது இவற்றில் எதுவும் இல்லை. பொத்தான்கள் பிறகு திறந்தனவா என்பதை உங்களிடம் விடுகிறேன். முதல் பத்தியில் தொட்டியைப் பற்றி எல்லாம் எழுதிய நான் அவற்றைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கவனித்திருப்பீர்கள். திறக்க வேண்டும் என்றால் திறந்துகொள்ளுங்கள். மூடியிருந்தாலும் தினமும் காலையில் நான் குனிந்து கேட்கத்தான் செய்கிறேன்.

ஆனால் வாசலில் நான் சொன்னதை உங்களிடம் விட முடியாது. அது என்னுடைய வாக்கியம் அல்ல.

"அண்ணா, ஒரு நிமிஷம். யூனிஸ் கடைசியா என்ன சொன்னான்னு யாருக்கும் சொல்லல. உங்ககிட்ட சொல்லட்டுமா?"

குனிந்து மூடியைத் தேடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கீழே ஹாரன் ஒருமுறை அடித்து நின்றது.

சொன்னேன். ஸ்கேனுக்காக அவளை லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடப்போகும் நேரத்தில் தலையைத் திருப்பி, காலையில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன் என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஆசிரியைக் குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"நல்ல தண்ணி மட்டும் ஊத்து ஜெர்சன். உப்பு எங்கயும் போகாது."